ஊருக்குப் பந்தி, எனக்குச் சட்டிச் சோறு

வாசகியின் கடிதம்

வணக்கம் மேடம்,

எனக்கு 39 வயது. பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாபேட்டை. கல்யாணமாகிச் சூரமங்கலம் பக்கம் வந்து 15 வருடம் ஆகிறது. தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். கணவர் நல்ல மனிதர். பையன் எட்டாவது படிக்கிறான். எனக்கு என்ன குறை என்றுதான் யாரும் கேட்பார்கள்.

போன கார்த்திகையில் அம்மா இறந்துவிட்டாள். வரும் கார்த்திகையில் தலை திவசம். அதற்குள் இதை யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் போல இருக்கிறது. வீட்டில் சொல்ல முடியவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

அம்மாவை எங்கள் பக்கம் 'இட்லிக்கார அக்கா' என்றால்தான் தெரியும். அப்பாவுக்கு இரண்டு தறி இருந்தது. 1997-இல் மஞ்சள் காமாலையில் அப்பா போய்ச் சேர்ந்தபோது எனக்கு 11 வயது, அண்ணனுக்கு 14. தறியை விற்ற காசில் அம்மா கிரைண்டர் வாங்கினாள். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு பற்றும். ஆறு மணிக்கெல்லாம் தறிக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு போசியோடு திண்ணையில் நிற்பார்கள். அப்புறம் யாரோ காதுகுத்துக்கு 30 பேருக்குச் சமைத்துத் தரச் சொல்ல, அது வளைகாப்பு, சீர், பால் காய்ச்சுவது, கருமாதி என்று வளர்ந்து இட்லி வியாபாரம் நின்றே போனது. பெயர் மட்டும் மாறவில்லை.

300 பேர் வரைக்கும் எடுப்பாள். அதற்கு மேல் என்றால், "மண்டபத்து ஆளுங்களைப் பாருங்க சாமி, என் கைக்கு இவ்வளவுதான்" என்று அனுப்பிவிடுவாள். பருப்பு, மிளகாய், புளி எல்லாம் லீ பஜாரில் அவளே போய்ப் பார்த்து வாங்க வேண்டும். துவரம்பருப்பை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பாள். 100 பேருக்கு அரிசி 10 கிலோ, பருப்பு 3 கிலோ. அவள் வாய்விட்டுச் சொன்ன அளவு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கை. ஜவ்வரிசிப் பாயசத்தில் ஒவ்வொரு ஜவ்வரிசியும் கண்ணாடி மணி மாதிரி தனித்தனியாகத் தெரியும். "ஊரைச் சுத்தி ஜவ்வரிசி ஆலையை வச்சுக்கிட்டுப் பாயசத்தைக் கஞ்சியாக்கினா சாமி கண்ணைக் குத்தும்" என்பாள்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் இல்லையா? எங்கள் தெருவில் மட்டும் இல்லை, சுற்றி நாலு தெருவில் யார் செத்தாலும், எடுத்த பிறகு அந்த வீட்டுக்குள் போகிற முதல் சோறு அம்மாவுடையது. ரசம், சோறு, பருப்புத் துவையல். காசு வாங்க மாட்டாள். "அழுத தொண்டையில ரசம்தான் கண்ணு இறங்கும்."

2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு படுத்துக் கிடந்தார்கள். அம்மா தினமும் முப்பது, நாற்பது வீட்டுக்குக் கேட் வரைக்கும் சாப்பாடு அனுப்பினாள். கேரியர் போதாமல் வீட்டில் இருந்த போசி, தூக்கு, சம்புடம் எல்லாம் வெளியே போனது. எது யார் வீட்டில் என்று அவளுக்கே தெரியாது. "எங்க போயிடப் போகுது, பேரு வெட்டியிருக்குல்ல" என்று விட்டுவிட்டாள்.

இப்போது அதெல்லாம் திரும்பி வருகிறது மேடம். அதுதான் பிரச்சினை.

அம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் ஓசூரில். அதனால் என் வீட்டு விலாசம் விசாரித்துக்கொண்டு வாரத்துக்கு ஒருத்தராவது வந்துவிடுகிறார்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்று சர்க்கரை, அரிசி, நாலு வாழைப்பழம், ஒரு முறை அரைப் போசி மல்லிகைப்பூ. உட்கார்ந்து காப்பி குடித்து, அம்மா அவர்களுக்கு எப்போது என்ன செய்தாள் என்று சொல்லி அழுகிறார்கள். நான்தான் தேற்றுகிறேன். போகும்போது எல்லோரும் ஒரே வார்த்தை: "உங்கம்மா எனக்கும் அம்மாதான் கண்ணு." ஒருத்தர் போசியின் விளிம்பில் வெட்டியிருந்த பெயரைத் தடவிப் பார்த்து, "அக்கா பேரு இதுவா?" என்று கேட்டார். இருபது வருடமாக அம்மா கையில் சாப்பிட்டவர். இதுவரை 23 பாத்திரம் வந்திருக்கிறது. பரணில் இடமில்லை.

அவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் எனக்குக் கோபம் வருகிறது. அழுகை இல்லை, கோபம். அம்மா மேல்.

பிளஸ் டூ முதல் பரீட்சை அன்று அம்மா வீட்டில் இல்லை, ஒரு சீருக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு அத்தை சுட்டுக் கொடுத்த தோசையைத் தின்றுவிட்டுப் போனேன். ஊரே இலை போட்டு ஏழு வகையோடு சாப்பிட்டு எழுந்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கு, எனக்குக் கிடைப்பது சட்டிச் சோறு. குழம்பு வைத்த சட்டி, பொரியல் வதக்கிய வாணலி, எல்லாவற்றிலும் ஒட்டியிருப்பதை ஒரு கைப் பிடி சோற்றைப் போட்டு வழித்துப் பிசைந்து உருட்டித் தருவாள். அவளும் அதைத்தான் சாப்பிடுவாள். வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் கட்டுவாள், வளையல் போட முன்னால் வரமாட்டாள். என் வளைகாப்பிலும் வரவில்லை. என் கல்யாணத்தில், "நீ வந்து நின்னாத்தான் நான் மணையில உக்காருவேன்" என்று நானே உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "பாயசம் அடிப்பிடிச்சுரும் கண்ணு, நீ போ" என்றாள். தாரை வார்த்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். கல்யாண ஆல்பத்தில் அம்மா இல்லை. ஒரே ஒரு போட்டோவில் பந்திக்குப் பின்னால் வாளியோடு பாதி முகம்.

அவள் போவதற்கு முதல் நாள் போனில் சண்டை போட்டேன். பையனுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு வா என்றேன். 60 பேருக்கு வளைகாப்பு ஆர்டர் இருக்கிறது, வர முடியாது என்றாள். "உனக்கு ஊர்தான் முக்கியம், நாங்க எல்லாம் மிச்சம்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் விடிகாலையில் அடுப்பங்கரையிலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு என்றார்கள். ஒரு வாரமாகவே தோளும் முதுகும் வலிக்கிறது, படியேறினால் அசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்டாவில் கரண்டி போடுகிற வலி என்று நினைத்தேன். அவள் ஊறப்போட்ட புளி மூன்று நாள் அப்படியே இருந்தது. கொட்ட யாருக்கும் கை வரவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு யார் சோறு கொண்டுவருவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஓட்டல் பொட்டலம் வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தலை திவசத்துக்கு 300 பேராவது வருவார்கள், "அக்கா கைப்பக்குவத்துல நீதான் சமைக்கணும்" என்று பெரியம்மாவில் தொடங்கி எல்லோரும் சொல்கிறார்கள். நாலு தடவை அம்மாவின் சாம்பாரை வைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டவர்கள் "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று நிறுத்தினார்கள். ஐந்தாவது தடவை வைக்கப் பயமாக இருக்கிறது.

அம்மாவின் பீரோவில் ஒரு நோட்டு கிடைத்தது. யார் யார் எவ்வளவு பாக்கி என்று எழுதியிருக்கிறாள். கை பழக்கத்தில் கூட்டிப் பார்த்தேன், 43,650 ரூபாய். பாத்திரம் திருப்பித் தந்து அழுதவர்களிலேயே மூன்று பேர் அதில் இருக்கிறார்கள். விட்டுவிடு என்கிறான் அண்ணன். எனக்கு விட மனமில்லை. இது அற்பத்தனமா?

ஆபீசில் ஒரு தோழி, துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, நீ இரண்டாவது கட்டமான கோபத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதினொரு மாதமாக ஒரே கட்டத்தில் இருந்தால் அது வியாதியா? இவ்வளவு நல்ல அம்மாவின் மேல் கோபப்படுகிற நான் எப்படிப்பட்ட பெண்?

பெயர் வேண்டாம் மேடம்,
சேலம் வாசகி


ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் போன பிறகுதான் 'கோபம்' என்ற சொல் வருகிறது. அதற்கு முன்னால் இட்லி, பாயசம், ரசச் சோறு, கொரோனா காலத்துக் கேரியர் எல்லாம் வந்துவிட்டன. அம்மா நல்லவர் என்று நான் முழுதாக நம்பிய பிறகுதான் உங்கள் குறையைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் வந்திருக்கிறது. எனக்கு எழுதும்போதும் ஊருக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் உங்கள் இலையைப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் அந்த ஐந்து கட்டத்தைத் தள்ளிவைப்போம். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதினார். அவர் உட்கார்ந்து பேசியது சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு. பறிகொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளைகளை வைத்து அவர் அதை எழுதவில்லை. அவர்களுக்கும் அது பொருந்தும் என்பது பின்னால் பரவிய பேச்சு. பஸ் நிறுத்தம் மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி ஏறி ஐந்தாவதில் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஒன்றும் கிடையாது. 1999-இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்: துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று போய்ப் போய் வருகிறார், அப்படி வருவதுதான் இயல்பு என்று. தறி ஓடிய வீட்டில் பிறந்தவர் நீங்கள், நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடுவதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் தறி பழுது.

சரி, உங்களுக்குப் பழுதா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துக்கக் கோளாறு' என்று ஒன்று இப்போது உண்டு. குறைந்தது ஆறு மாதம் என்கிறது அது. 2022-இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. அனேகமாக தினமும் அந்த ஏக்கம் ஆளை அமுக்க வேண்டும், வேலையும் உறவும் கெட வேண்டும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியதாக இருக்க வேண்டும். நம் வழக்கத்தில் வருஷம் திரும்பும் வரைக்கும் வீட்டில் பண்டிகையே கிடையாது. நீங்கள் ஆபீஸ் போகிறீர்கள், பையனைப் பார்க்கிறீர்கள், நாலு முறை சாம்பார் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்து யாருக்கும் முத்திரை குத்தக்கூடாது. ஆனாலும் படித்த வரைக்கும் எனக்கு இதில் வியாதி தெரியவில்லை, பேச இடமில்லாத ஒரு கோபம்தான் தெரிகிறது. திவசம் முடிந்தும் தூக்கம் போய்விட்டது, வேலை ஓடவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நேரில் ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்தது அந்தத் தோள் வலி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் அதிகம் வருகிறது. ஆனால் அதோடு சேர்ந்தோ, சிலருக்கு அது இல்லாமலோ, தோள், முதுகு, தாடையில் வலி, மூச்சு வாங்குவது, குமட்டல், காரணம் தெரியாத அசதி என்றும் வரலாம். இதைப் படிக்கிற வேறு யார் வீட்டிலாவது ஒரு அம்மா இந்த வாரம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் இன்றே அழைத்துப்போய் ஓர் ஈசிஜி எடுத்துவிடுங்கள், திடீரென்று அதிகமானால் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் அம்மா விஷயத்தில் அது தவறிப்போய்விட்டது. உங்களுக்கு மட்டும் தவறவில்லை, பக்கத்திலேயே நின்று கரண்டி போட்ட உதவியாட்களுக்கும், அம்மாவுக்குமே தெரியவில்லை. கிட்டத்தட்ட 28 வருடமாக அண்டா தூக்குகிற ஒருவர் தோள் வலிக்கிறது என்றால் யாரும் நினைப்பதைத்தான் நீங்களும் நினைத்தீர்கள். இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு இருந்த உங்களை விசாரிக்கிறீர்கள்.

போன் சண்டைக்கு என்னிடம் மருந்தில்லை. அது நடந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். "நாங்க எல்லாம் மிச்சம்தான்" என்று நீங்கள் சொன்னது அன்றைக்குத் திடீரென்று வந்த வார்த்தையா? பிளஸ் டூ பரீட்சை நாளிலிருந்து தொண்டையில் நின்றது அது. அவ்வளவு நாள் சொல்லாமல் வைத்திருந்தது கடைசி நாளில் வெளியே வந்துவிட்டது உங்கள் துரதிர்ஷ்டம். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் அம்மா ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், அப்புறம் மாங்காய் ஊறுகாயோடு பஸ் ஏறியிருப்பார்.

இனி பாயசம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான். மகளே உள்ளே வந்து கையைப் பிடித்து இழுக்கிறாள். பாயசம் அடிப்பிடித்துவிடும் என்கிறார். ஒரு கல்யாணச் சமையலில் கூட நாலு ஆள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஒரு பத்து நிமிடம் பாயசத்தைக் கிளற யாருமா இல்லை? 1997-இல் தாலி அறுத்த பெண் அவர். நம் ஊரில் அப்படிப்பட்டவர்களுக்கு விசேஷ வீட்டில் எது இடம், எது இடமில்லை என்று உங்களுக்குத் தெரியும். வளையல் அடுக்க முன்னால் வரமாட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'நீ வராதே' என்று யாரோ ஒருவர் சொல்லும் வரைக்கும் காத்திருப்பதைவிட 'எனக்கு உள்ளே வேலை இருக்கு' என்று முந்திக்கொள்வது மரியாதையாக இருந்திருக்கும். மங்கல காரியம் எதிலும் முன்னால் வரக்கூடாது என்று வைத்த ஊர், அவர் வேக வைத்த சோறு இல்லாமல் ஒரு மங்கல காரியமும் செய்யவில்லை. இதை அவர் யோசித்தாரா, கசந்தாரா, சிரித்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் உங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை, என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் தெரிந்த சிலர் இன்னும் இருக்கிறார்கள். வாரம் ஒருத்தராக உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: "அப்பா போன புதுசுல அம்மா எப்படிக்கா இருந்தாங்க?" பாயசத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் நிற்கும்.

இதைச் சொல்வது உங்கள் கோபத்தைக் குறைப்பதற்காக இல்லை. மேடையில் அம்மா இல்லாமல் தாலி கட்டிக்கொண்ட பெண்ணுக்கு அந்த ஏமாற்றம் முழுசாக உரியது. காரணம் தெரிந்தால் அது யார் மேல் என்பது வேண்டுமானால் கொஞ்சம் மாறலாம்.

போசி கொண்டுவருகிறவர்கள் மேலும் உங்களுக்கு எரிச்சல் இருக்கிறது. நியாயம்தான், ஆனால் அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று பாருங்கள். பங்காளி இல்லை, சம்பந்தி இல்லை. கருமாதியில் அவர்களுக்கு ஒரு சடங்கும் கிடையாது. கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று தமிழில் சொல்லலாம். உள்ளே இழப்பு இருக்கும், வெளியே அழுவதற்கு ஊர் கொடுத்த இடம் இருக்காது. அந்தப் போசிதான் அவர்களுக்கு நுழைவுச் சீட்டு. அதோடு, அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு ஓட்டல் பொட்டலம்தான் வந்தது என்பது அவர்களுக்கும் தெரியும். 300 பேருக்குச் சோறு போட்டவர் வீட்டுக்கு ஒரு கிண்டி ரசம் கொண்டுவர ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பதினொரு மாதம் கழித்து அரைப் போசி மல்லிகைப்பூ வருகிறதென்றால் அதில் அந்தக் கடனும் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர்களைத் தேற்றுவது உங்கள் வேலை இல்லை. அம்மா ஊருக்குச் சோறு போட்டார் என்பதற்காக நீங்கள் ஊருக்கு ஆறுதல் போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வரச் சொல்லுங்கள். முடியாத நாளில், "அக்கா, இன்னைக்குக் கேக்கற மனசுல இல்ல, போசியை வச்சுட்டுப் போங்க, இன்னொரு நாள் பேசலாம்" என்று வாசலிலேயே சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் போகட்டும். அண்ணன் மாதத்தில் ஒரு நாள் ஓசூரிலிருந்து வந்து அம்மா வீட்டுக் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. இந்தப் பாரத்தை நீங்கள் ஒருவரே ஏன் சுமக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அவர் அம்மாதானே?

சாம்பாருக்கு வருகிறேன். நானும் சமைக்கிறவள்தான், அதனால் இதைக் கொஞ்சம் அடித்தே சொல்கிறேன்: 300 பேருக்குக் கோட்டை அடுப்பில், அகலமான அண்டாவில், இரண்டு மணி நேரம் கொதித்த சாம்பார் நாலு பேருக்கு வைக்கிற குக்கரில் வரவே வராது. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. அம்மாவே உங்கள் வீட்டு அடுப்பில் வைத்திருந்தாலும் அது வேறு சாம்பார்தான். வாசனை என்பதும் லேசுப்பட்டது இல்லை. மற்ற புலன்களைவிட நேராக மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் தொடுகிற வழி மூக்குக்கு உண்டு. அதனால்தான் ஒரு துளி பிசகினாலும் சாப்பிடுகிறவர்கள் "ஆனா..." என்று நிறுத்துகிறார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர்கள் தேடுவது உப்போ புளியோ இல்லை, ஆள். அதை நீங்கள் எத்தனை தடவை தாளித்தாலும் கொண்டுவர முடியாது.

ஆகவே தலை திவசத்துக்கு நீங்கள் சமைக்காதீர்கள். ஆள் வையுங்கள். அம்மாவோடு கரண்டி பிடித்த அந்த உதவியாட்களையே கூப்பிட்டுக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லலாம், அந்த 23 பாத்திரத்தில் ஆனதை எடுத்துக்கொள்ளட்டும். பெரியம்மாவிடம், "சமைச்சா நான் உள்ளேயே நின்னுருவேன் பெரியம்மா, அன்னைக்கு நான் வெளியே இருக்கணும்" என்று சொல்லுங்கள். கல்யாணத்தன்று தாரை வார்த்தவர் அவர், அவருக்குப் புரியும். படையல் போட்டு, காக்கைக்கு வைத்த பிறகு முதல் பந்தியில் இலை முன்னால் உட்காருங்கள். வாளி தூக்காதீர்கள். யாராவது பரிமாறட்டும். அதுவே உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும்.

படையலில் மட்டும் ஒன்று நீங்கள் வைக்கலாம். எதை என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். குறையாக எழுதியிருக்கிறீர்களே, சட்டிச் சோறு. ஊரில் கிட்டத்தட்ட 28 வருடம் எத்தனையோ ஆயிரம் பேர் அவர் கையில் சாப்பிட்டிருக்கிறார்கள். இலையில், பாக்குமட்டையில், கேரியரில். ராத்திரி பத்து மணிக்கு, எல்லாக் குழம்பும் சுண்டி ஒட்டிய வாணலியில் வெறும் கையால் பிசைந்து உருட்டிய சோறு எத்தனை பேருக்குக் கிடைத்தது? உங்களுக்கும் அண்ணனுக்கும்தான். இதற்காக அந்த ராத்திரிகளை இனிமேல் இனிப்பாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் பசியோடு காத்திருந்த பெண் காத்திருந்தவள்தான். ஆனால் போசியோடு வருகிற யாருக்கும் அந்த ருசி தெரியாது. அன்றைக்குச் சமையல் முடிந்ததும் ஒரு சட்டியை மட்டும் கழுவாமல் வைக்கச் சொல்லுங்கள். 'ஆனா' என்று நிறுத்த அங்கே வேறு ஆள் கிடையாது. அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் ஓர் உருண்டை கொடுங்கள்.

கடைசியாக நோட்டு. அற்பத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். சாவு வீட்டுக்குக் கொண்டுபோன ரசச் சோறும், கொரோனா காலத்துக் கேரியரும் அந்த நோட்டில் எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன். எதைச் சும்மா கொடுத்தோம், எதைக் கடனாகக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் இதை எழுதி வைத்தார். 43,650 ரூபாய் அவர் தோள் வலித்த கூலி. திவசம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கேளுங்கள், முடியாதவர்கள் முடியாது என்று சொல்லட்டும். அம்மா வட்டி எழுதவில்லை என்றால் நீங்களும் கேட்க வேண்டாம். அண்ணன் விட்டுவிடு என்று சொல்வது அவர் பாதியைத்தான். அதை வேண்டுமானால் அவர் விட்டுக்கொள்ளட்டும்.